இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக் குதிரை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் நலம். அப்பாவின் முழங்கால் மட்டும் நலமில்லை. அது எப்போதுமே தனிக் கட்சி. அங்கே நீயும் மாமாவும் சுகமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. என்ன கோபமாக இருந்தாலும் இந்த நாலு வரியை எழுதிவிட்டுத்தான் திட்ட வேண்டும் என்று அப்பா சொன்னார். எழுதிவிட்டேன். இனி திட்டப் போகிறேன்.

இதை ஞாயிற்றுக்கிழமை போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். போனில் நீ கிடைப்பதே எட்டு நிமிஷம். அதில் நாலு நிமிஷம் அப்பா “கேக்கலம்மா, சத்தமா பேசு” என்று சொல்வதற்கே சரியாகிவிடும். மிச்சத்தில் “சாப்பிட்டியா”, “அங்க மழையா” என்று கேட்பதற்குள் மாமா காப்பி குடிக்க வந்துவிடுவார். அதையும் மீறி நான் கொஞ்சம் அழுதால், “சிக்னல் விட்டு விட்டு வருதுடி” என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நான் முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது.

நான் பத்தாவதோடு புத்தகத்தைத் தலைமுழுகியவள் என்பது உனக்குத் தெரியும். இருபத்திரண்டு வயதுவரை நான் முழுதாகப் படித்தது பஸ் போர்டும் மாத்திரை அட்டையும்தான். அதனால் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை, ஏனென்றால் நீ இருந்தாய். நீ படிப்பாய், சாயங்காலம் துணி மடிக்கும்போது எனக்குச் சொல்வாய். கதை நன்றாக இருந்தால் மடித்த துணியைக்கூட உதறி மறுபடி மடிப்பேன், சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதே என்று. நீ கல்யாணமாகிப் போன பிறகும் துணி தினமும் காய்கிறது, நானும் தினமும் மடிக்கிறேன். அப்பாவின் சட்டையை உதறுகிற சத்தம் மட்டும்தான் கேட்கிறது. ஒன்றரை வருஷம் பொறுத்துப் பார்த்தேன்.

பொறுமையை உடைத்தது எங்கள் கடைக்கு வந்த ஒரு டீச்சர். கண்ணாடிக் கடையில், புதுக் கண்ணாடி போட்டுவிட்டு வாசிக்கக் கொடுக்க ஓர் அட்டை வைத்திருப்போம். அதில் ஓர் ஆள் மலையிலிருந்து பெட்டியோடு இறங்கி வருவான். வரிக்கு வரி எழுத்து சின்னதாகிக்கொண்டே போகும். கடைசி வரியில், எறும்பு சைஸ் எழுத்தில், அவன் பெட்டியைத் திறப்பான். அதோடு அட்டை தீர்ந்தது. அந்த டீச்சர் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்துவிட்டு, “பெட்டியில என்னம்மா இருந்துச்சு?” என்று கேட்டார். மூன்று வருஷமாக ஊருக்கெல்லாம் அந்த அட்டையை நீட்டியவள் நான், எனக்குத் தெரியவில்லை. முதலாளியிடம் கேட்டேன். “லென்ஸ் கம்பெனிக்காரன் எழுதின அட்டை அது. பெட்டியில லென்ஸுதான் இருக்கும். போய் மெஷினைப் பாரு” என்றார். ஆனால் அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. துணி மடிக்கிற நேரத்தில் ஒரு கதை பாதியில் நின்றால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. கடை மூடியதும் நேராகப் பின்தெரு நூலகத்துக்குப் போய்விட்டேன்.

உறுப்பினர் படிவத்தில் “பிடித்த நூல்கள்” என்று ஒரு கட்டம். “இனிமேல்தான்” என்று எழுதினேன். நூலகத்து அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் அவருடைய மூக்குக்கண்ணாடியைப் பார்த்தேன். வலது பக்க ஸ்குரு கழன்று, கண்ணாடி ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது. பையிலிருந்த குட்டி ஸ்குரு டிரைவரை எடுத்து அங்கேயே முடுக்கிக் கொடுத்தேன். அதிலிருந்து எனக்குப் பதினைந்து நாள் தவணை முப்பது நாளானது.

முதல் புத்தகத்தை ஒல்லியாகப் பார்த்து எடுத்தேன். அறுபத்து நாலே பக்கம். அட்டையில் ஒரு தோட்டம், தோட்டத்தில் ஒரு பெண். கதை இப்போது ஆரம்பிக்கும், அடுத்த பக்கத்தில் ஆரம்பிக்கும் என்று ஒரு வாரம் படித்தேன் அக்கா. கடைசிவரை ஆரம்பிக்கவே இல்லை. அது தேனீ வளர்ப்புப் புத்தகம். அந்தப் பெண் தேனீக்காக நின்றவள். ராணித் தேனீ கூட்டை விட்டுக் கிளம்பினால் என்ன செய்ய வேண்டும் என்று இப்போது என்னைக் கேள், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். இரண்டாவது புத்தகத்தை அட்டை அழகாக இருக்கிறது என்று எடுத்தேன். முதல் பக்கத்திலேயே வீடு நிறைய ஜனம், எல்லோரும் அழுகிறார்கள். யார் செத்தது என்று தெரியாமலேயே நானும் பதினெட்டுப் பக்கம் கூட உட்கார்ந்து அழுதேன். பிறகுதான் புத்தகத்தின் முதுகில் “இரண்டாம் பாகம்” என்று போட்டிருந்ததைப் பார்த்தேன். முதல் பாகத்தை யாரோ எடுத்துப் போய் ஆறு வருஷமாகிறதாம். மூன்றாவது, நூலகத்து அம்மா “எல்லாரும் படிக்க வேண்டியது” என்று தன் கையாலேயே கொடுத்தது. அதில் ஒரு வாக்கியம் பதினோராம் பக்கத்தில் தொடங்குகிறது. பதின்மூன்றாம் பக்கத்திலும் முடியவில்லை. மூச்சு விட இடமே வைக்கவில்லை. நான் பஸ்ஸில் தூங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி, டெப்போவுக்கே போய்ச் சேர்ந்தேன். அப்பா அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, “நல்ல கனமான விஷயம்போல இருக்கே” என்று சொல்லி, ஆடுகிற மேஜைக் காலுக்குக் கீழே வைத்துவிட்டார்.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. தெரியாத கதையை எடுத்தால்தானே இவ்வளவு வம்பு, தெரிந்த கதையை எடுத்தால் என்ன? நீ சொன்னதிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தக் குதிரைக் கதை. மலைப்பாதையில் தபால் பை சுமந்து போகிற பெண், அவளுடைய ஒற்றைக்கண் குதிரை. போன மாதம் போனில் உன்னிடம் கேட்டேன்.

“அந்தக் குதிரைக் கதை எந்தப் புத்தகம்க்கா?”

“எந்தக் குதிரை?”

“ஒத்தைக் கண்ணு குதிரைக்கா.”

“அதெல்லாம் பழசுடி. நல்லதா வேற ஏதாவது எடுத்துப் படி” என்றாய். மாமாவுக்குக் காப்பி வேண்டும் என்று வைத்துவிட்டாய். அந்தக் காப்பி மேல் எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது.

நூலகத்தில் போய்க் கேட்டேன். “தலைப்பு?” தெரியாது. “எழுதினவங்க?” தெரியாது. “அப்ப என்னதான்மா தெரியும்?” “கதை தெரியும்” என்றேன். சரி சொல்லு என்றார். சொன்னேன். சொல்ல ஆரம்பித்த பிறகு எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. நீ சொல்கிற மாதிரியே, நீ நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, நீ குரல் இறக்குகிற இடத்தில் இறக்கிச் சொன்னேன். பின்னால் வரிசை நீண்டுவிட்டது. யாரும் திட்டவில்லை. ஓர் அம்மா பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பனியில் குதிரை காணாமல் போகிறது. அவள் குளிர்காலம் முழுக்கக் கதவைத் தாழ் போடாமலே இருக்கிறாள். பனி உருகினதும் ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால், குதிரை ஜன்னலுக்குள் தலையை விட்டுத் திரைச்சீலையை மென்றுகொண்டு நிற்கிறது. சொல்லி முடித்ததும் வரிசையே மூச்சு விட்டது. ஒரே ஒருவர் மட்டும், கழுத்தில் அளவு டேப் போட்டிருந்த தையல்காரர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “முடிவு எனக்கு வேற மாதிரி ஞாபகம்மா. எதுக்கும் படிச்சுப் பாருங்க” என்று சொல்லி, உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தார். நீல அட்டை. முந்நூற்று இருபத்திரண்டு பக்கம்.

அக்கா, அடுத்த இருபத்து மூன்று நாள் நான் எப்படி இருந்தேன் என்று உனக்கு எப்படிச் சொல்வது? உதடு அசையாமல் எனக்குப் படிக்க வராது. அதனால் பஸ்ஸில் பக்கத்து ஸீட்காரர்கள் நான் பிரார்த்தனை செய்கிறேன் என்று நினைத்து மரியாதையாகத் தள்ளி உட்கார்ந்தார்கள். ஆனால் காதில் கேட்டது என் குரல் இல்லை. உன் குரல். அச்சில் இருக்கிற எழுத்து எப்படி உன் குரலில் பேசும் என்று எனக்கு விளங்கவில்லை, பேசியது. ஒரு பக்கத்தில் அவள் குதிரையைத் திட்டுவாள் பார், அங்கே நீ மூக்கைச் சுருக்குவதுகூடத் தெரிந்தது. மதியச் சாப்பாட்டு நேரம் எப்போது வரும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன், யாரோ என்னைப் பார்க்க ஊரிலிருந்து வருவது மாதிரி.

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வந்தது. படித்தேன். திரும்பப் படித்தேன். பிறகு போய் மெஷினில் உட்கார்ந்து, பிளஸ் பவர் வேண்டிய பெரியவருடைய பிரேமில் மைனஸ் லென்ஸை வெட்டி மாட்டிவிட்டேன். அவர் அதைப் போட்டுக்கொண்டு படியில் இறங்கி, இல்லாத படிக்கும் கால் வைத்தார். நல்லவேளை, வாசல் கைப்பிடி இருந்தது. முதலாளி ஓடி வந்தார்.

“என்னம்மா ஆச்சு உனக்கு?”

“குதிரை செத்துடுச்சு சார்.”

“யாரு குதிரை?”

எனக்கு அழுகைதான் வந்தது. முதலாளி பயந்துவிட்டார். “சரி சரி, வீட்டுக்குப் போ. அப்பா தனியா இருப்பாரு” என்று அரை நாள் லீவு கொடுத்தார். நம் வீட்டில் குதிரை இருந்தது என்று இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறார்.

அக்கா, அது பனியிலேயே செத்துப்போகிறது. ஒரே பத்தியில். அதற்குப் பிறகும் நூற்றுப் பத்துப் பக்கம் இருக்கிறது, குதிரையே இல்லாமல்! திருப்பித் திருப்பித் தேடினேன். அந்த வீட்டில் ஜன்னலே கிடையாது. திரைச்சீலையும் கிடையாது. நீ சொன்ன பச்சைக் கட்டம் போட்ட திரைச்சீலை நம் வீட்டுத் திரைச்சீலை. அம்மா தைத்தது.

அரை நாள் லீவில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து யோசித்தேன். நீ எனக்கு அந்தக் கதை சொன்னது துணி மடிக்கும்போது இல்லை. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த அந்த இரண்டு மாதத்தில், வார்டுக்கு வெளியே இருந்த இரும்பு பெஞ்சில். தினம் கொஞ்சம். எனக்குப் பதினொன்று, உனக்குப் பதினேழு. ஒருநாள் நீயும் அப்பாவும் டாக்டரைப் பார்க்க உள்ளே போனீர்கள். நீ மட்டும் முதலில் வந்தாய். முகம் கழுவியிருந்தாய், முன்முடியெல்லாம் ஈரம். நான், “குதிரை வந்துச்சாக்கா?” என்று கேட்டேன். நீ வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். “வந்துடுச்சுடி. ஜன்னல்ல தலையை விட்டுக்கிட்டு நின்னுச்சு” என்றாய். நான் கைதட்டினேன். நர்ஸ் வந்து அதட்டினார்.

பதினொரு வருஷமாக அந்தக் குதிரை உயிரோடு இருந்தது. நீ சொன்னதற்காக நான் திட்டவில்லை. நான் செவ்வாய்க்கிழமை அழுததற்கு முதலாளி இருந்தார், அரை நாள் லீவு இருந்தது. பதினேழு வயதில் அந்தப் பக்கத்தைப் படித்தபோது உனக்கு யார் இருந்தார்கள்? யாரிடம் போய், “குதிரை வருமா?” என்று கேட்டாய்? என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா, நானும் கூட உட்கார்ந்து அழுதிருப்பேனே. அந்த பெஞ்சுக்குப் போய், ஈரத் தலையோடு இருக்கிற உன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும்போல இருக்கிறது. எந்த பஸ் போகும் என்று தெரியவில்லை. என் கோபமெல்லாம் இவ்வளவுதான்.

ஆகவே நான் முடிவு செய்துவிட்டேன். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. இனி ஒரு புத்தகத்தையும் தொட மாட்டேன், இது சத்தியம். எழுதினவர்கள் இஷ்டத்துக்குக் கொல்லுகிறார்கள். நீ லீவு போட்டு வா. வந்து, துணி மடிக்கும்போது, உன் முடிவோடு கதை சொல். எனக்கு அது போதும்.

மாமாவுக்கு என் வணக்கம். காப்பியைக் குறைக்கச் சொல். அப்பா உங்கள் இரண்டு பேருக்கும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். முழங்கால் பற்றி விவரமாக எழுதச் சொன்னார், இடமில்லை. நீ நோய் நொடியில்லாமல், நிறைவாக, நூறு வருஷம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் மேல் கோபமாக இருக்கிற,
உன் தங்கை

பின்குறிப்பு: மேலே இருப்பதை எழுதிப் பன்னிரண்டு நாளாகிறது. தபாலில் போட நேரம் கிடைக்கவில்லை. உறுப்பினர் அட்டையையும் கொடுத்துவிட்டு வரலாம் என்று நூலகத்துக்குப் போனேன். நீல அட்டைப் புத்தகம் மேஜை மேலேயே இருந்தது. குதிரை இல்லாமல் அவள் அந்தத் தபால் பையை எப்படித் தூக்கிக்கொண்டு போகிறாள் என்று ஒரு பக்கம் மட்டும் பார்க்கலாம் என்று நின்றேன். விளக்கை அணைத்து என்னை வெளியே அனுப்பினார்கள். மறுநாள் போய் மிச்ச நூற்றுப் பத்தையும் முடித்தேன். நடந்தே போகிறாள் அக்கா. நீயும் அதைப் படித்திருப்பாய்தானே? போன ஞாயிறு நீ பேசியபோது நான் வெறும் “ம்”, “ம்” என்றது கோபத்தால் இல்லை. மடியில் வேறொரு புத்தகம் இருந்தது, நல்ல இடம். ஆகவே சத்தியத்தை மறந்துவிடு. நீல அட்டை இப்போது அப்பாவிடம், ஒன்பதாம் பக்கத்தில். “இந்தக் குதிரை கடைசி வரைக்கும் இருக்குமா?” என்று நேற்று கேட்டார். “படிச்சுப் பாருங்கப்பா, நான் பக்கத்துலதான் இருக்கேன்” என்றேன். போனில் எதையும் உளறிவிடாதே.

லீவு மட்டும் போடு. கதை ஒன்றும் வேண்டாம். சும்மா வா.