வகுப்பறைக்குள் வந்த வீட்டு டிவி

அன்புள்ள மச்சானுக்கு, உன் அக்காவின் கணவன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம் என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன். நீ நலமாகத்தான் இருப்பாய். அந்தத் திரையை எங்கள் பள்ளியின் தலையில் கட்டிவிட்டுப் போனவனுக்கு என்ன குறை.

"டிவி, ரேடியோ, புத்தகம், போர்டு, போன் எல்லாம் இனி இதுக்குள்ளயே இருக்கு மாமா" என்று தாளாளர் முன்னால் தேனாகப் பேசினாய். அவரும் உச்சி குளிர்ந்து, கரும்பலகையை அன்றைக்கே பெயர்த்தெடுக்கச் சொல்லிவிட்டார். உன் திரை அக்கவுண்ட் கேட்டது. எனக்குத் தெரிந்தது வீட்டு டிவியின் அக்கவுண்ட்தான், அதையே கொடுத்துத் தொலைத்தேன். பிடித்தது சனி. நேற்று நான் முக்கோணம் நடத்திக்கொண்டிருக்க, உன் அக்கா வீட்டில் சீரியல் போட, முக்கோணம் மறைந்து ஒரு மாமியார் வந்து மருமகளை வாசலுக்குத் துரத்துகிறாள். நான் அணைக்கப் போனால் சத்தம்தான் கூடுகிறது. "சார், அந்த மருமக பாவம் சார், கொஞ்சம் விடுங்க" என்று கடைசி பெஞ்சில் ஒருத்தி கண்ணைத் துடைக்கிறாள். அன்றைக்கென்று பார்த்துக் கல்வி அதிகாரி வேறு வகுப்பில் உட்கார்ந்திருந்தார். "முக்கோணம் எங்கங்க?" என்றார். "எங்க வீட்டுக்குப் போயிருக்கும் சார்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன், எவன் நம்புகிறான்.

சாயங்காலம் தாளாளர் கூப்பிட்டார். "திங்கக்கிழமையிலருந்து பாடத்தைத் திரையே நடத்தட்டும். நீங்க வாசல்ல நின்னு பிள்ளைங்கள பஸ்ஸுல ஏத்தி விடுங்க" என்றார். இத்தனை வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவனுக்கு இந்த உத்தியோகம். உடனே ஆள் அனுப்பி அந்தச் சனியனைக் கழற்றிக்கொண்டு போ. நான் கழற்றினால் முழுசாக வராது.

உன் மனைவிக்கும் பிள்ளைக்கும் என் ஆசிகள். உனக்குரியதைத் திரை போன பிறகு அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
திங்கட்கிழமை வரைக்கும் கணக்கு வாத்தியாரான
உன் மாமா

பி.கு.: ஆள் அனுப்பாதே. கடிதத்தை ஒட்டும் நேரத்தில் உன் அக்கா வந்து உட்கார்ந்தாள். நான் திரை முன்னால் பேசுவதெல்லாம் அதே அக்கவுண்ட் வழியாக வீட்டு டிவியிலும் வருகிறதாம். நேற்று ஒருநாள்தான் சீரியலுக்கு மாற்றினாளாம், மற்ற நாளெல்லாம் பாடத்தைத்தான் பார்த்தாளாம். "நீங்க இவ்வளவு நல்லாப் பேசுவீங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாது" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எதையும் அவள் கடைசிவரை கேட்டதில்லை. தாளாளர் காலில் விழுந்தாவது வகுப்பைத் திரும்ப வாங்கப்போகிறேன். நீ வந்து திரையை இயக்க மட்டும் சொல்லிக்கொடு, அக்கவுண்டில் கை வைக்காதே. நாளைக்கு வட்டம் நடத்துகிறேன். எந்தச் சட்டை போட வேண்டும் என்று அவளே எடுத்து வைத்திருக்கிறாள்.