ஐந்தடி ஐந்தங்குல விடுமுறை

இந்த ஜூலை மாதம் என் கட்டிலில் நான் படுப்பேன். இல்லையென்றால் யாருமே படுக்கக்கூடாது. இப்படி ஒரு சபதம் எடுத்தேன். குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு, மெதுவான குரலில்தான் எடுத்தேன். ஆனாலும் சபதம் சபதம்தானே?

காரணம் என் மச்சான் கிளிஃபர்ட். புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் கோயில் திருநாள் வந்துவிட்டால், தைப்பிங்கிலிருந்து வேன் நிறையக் குடும்பத்தோடு கிளம்புவார். கோயில் வழியிலேயே இருக்கிறது. அதைத் தாண்டுவார். பினாங்குப் பாலத்தைத் தாண்டுவார். கடலையே தாண்டி கெலுகோரில் எங்கள் வீட்டுக்கு வந்து, என் கட்டிலில் விழுவார். மூன்று நாள். அவருக்கு முதுகுவலியாம். எனக்கு முதுகே கிடையாது என்பது என் மனைவி அக்னஸின் அபிப்பிராயம். அந்த மூன்று நாளும் நான் சமையலறையில், ஐஸ்பெட்டி பக்கத்தில் படுத்திருப்பேன்.

ஆகவே திட்டம் இதுதான். திருநாளின் கடைசி வெள்ளிக்கிழமை கிளம்பி கோலகங்சார் போவது. அரண்மனை, அரச மியூசியம் எல்லாம் பார்ப்பது. அங்கிருந்து லூமுட். கடற்கரைப் பக்கம் மலிவாக ஒரு ரூம், இரண்டு ராத்திரி. வீடு பூட்டிக் கிடக்கும். சாவி இரண்டும் என் பையில் இருக்கும். அன்னம்மாளிடம் மட்டும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அக்னஸிடம் சொல்லப் போனபோது போருக்குத் தயாராகவே போனேன்.

“திருநாள் அப்போ நாம ஹாலிடே போறோம்.”

“சரிங்க.”

“மூணு நாள்.”

“சரிங்க.”

“உங்கண்ணன் வந்தா வீடு பூட்டியிருக்கும்லா!”

“நீங்க சொன்னா சரிங்க.”

எனக்கு வியர்த்துவிட்டது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். மூன்று ‘சரிங்க’ ஒரே மூச்சில் வந்ததே இல்லை. கல்யாணத்தன்று சாமியார் சம்மதமா என்று கேட்டபோதுகூட இவள் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் தலையாட்டினாள்.

“அரண்மனை முதல்லயா, கடற்கரை முதல்லயா? உனக்கு எது ஆசை?”

“எனக்கு ஒரு ஆசையும் இல்ல. நான் எதையும் கேக்கல. கேட்டேனா?”

“கேக்கல.”

“நல்லா சத்தமா சொல்லுங்க.”

“நீ கேக்கல!”

“ஆங். ஞாபகம் வச்சுக்குங்க.”

சொல்லிவிட்டுச் சுவரில் இருந்த அன்னம்மாள் படத்தை ஒரு பார்வை பார்த்தாள், சாட்சிக்குக் கூப்பிடுகிற மாதிரி.

மறுநாள் பிறையில், தொழிற்சாலை கேண்டீனில், நல்லமுத்து அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். என்னோடு பதினைந்து வருஷமாக வேலை பார்ப்பவர். சந்தேகப்படுவதில் என்னைவிட சீனியர்.

“பொம்பளை சரின்னு சொன்னா பயப்படணும் தம்பி. சண்டை போட்டா வீட்டுல எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தம். எதுக்கும் கண்ணைத் திறந்து வச்சுக்க.”

திறந்து வைத்தேன். அந்த வாரமே அக்னஸ் என் காலுக்குப் புதுச் சப்பாத்து வாங்கி வந்தாள். கூடவே முட்டியில் மாட்டிக்கொள்ளும் பட்டை ஒரு ஜோடி, நல்ல மெத்தென்று.

“சப்பாத்து சரி. முட்டிப் பட்டை எதுக்கு?”

“தேவைப்பட்டாலும் படும், படாமலும் போகும். எல்லாம் உங்க கையிலதான் இருக்கு.”

முட்டி எப்படி என் கையில் இருக்கும்? கேட்கவில்லை. நான் சந்தேகப்படுவது அவளுக்குத் தெரியக்கூடாது.

ஞாயிறு மத்தியானம். பிரியாணி சாப்பிட்டுப் படுத்திருந்தேன். காலில் ஏதோ ஊர்ந்தது. அரைக்கண்ணால் பார்த்தேன். அக்னஸ்! கையில் தையல் அளவு நாடா. உச்சந்தலையிலிருந்து குதிகால்வரை என்னை அளந்துகொண்டிருந்தாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு, அப்பாவியாக ஒரு குறட்டை விட்டேன். அவள் கூடத்துக்குப் போய் போனை எடுத்தாள்.

“அண்ணே, எழுதிக்குங்க. அஞ்சடி அஞ்சங்குலம். ஆமா, அவரு நீளத்துக்குச் சரியா இருக்கணும். வெள்ளை போதும். திருநாளுக்குள்ள ரெடி பண்ணிடுங்க. அவருக்குத் தெரிய வேணாம்.”

வெள்ளை. என் நீளம். எனக்குத் தெரியக்கூடாது. கத்தோலிக்கனாகப் பிறந்தவனுக்கு அது என்ன பெட்டி என்று தெரியாதா? ஓடிப்போய் அலமாரியில் இன்சூரன்ஸ் பத்திரத்தைத் தேடினேன். இருந்தது. ஆனால் தூசி இல்லாமல் இருந்தது!

“கடல்ல இறங்காத தம்பி,” என்றார் நல்லமுத்து அண்ணன். “அரண்மனையில படி இருந்தா அவளை முன்னாடி போகச் சொல்லு.”

இப்படியாகத்தானே விடுமுறை தொடங்கியது. கோலகங்சாரில் அரண்மனை தங்கக் கோபுரத்தோடு பளபளவென்று நின்றது. நான் அதையா பார்த்தேன்? அவள் கையைப் பார்த்தேன். ஆற்றங்கரைக்கு வந்ததும் போனைத் தூக்கிப் பிடித்தாள்.

“போட்டோ எடுக்கணும். இன்னும் கொஞ்சம் பின்னால போங்க.”

பின்னால் பேராக் ஆறு. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தபடியே எடுக்கச் சொன்னேன்.

லூமுட்டில் அவள் முழங்கால் தண்ணீரில் நின்று சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தாள். நான் ஐம்பது அடி தள்ளி, தென்னை மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன். தலைக்கு மேல் தேங்காய் இருப்பதைப் பார்த்து அதையும் விட்டேன். ரூம் கட்டிலோ மலிவுக்கு ஏற்ற கட்டில். ஒவ்வொரு ஸ்பிரிங்கும் தனித்தனியாகக் குத்தியது. பரவாயில்லை, கெலுகோரில் என் கட்டில் காலியாக இருக்கிறது என்று நினைத்ததும் வலி பறந்துவிட்டது.

ஞாயிறு மத்தியானம் உயிரோடு திரும்பினோம். ஜெயித்துவிட்டேன் என்று விசிலடித்துக்கொண்டே காரை ஓட்டினேன்.

“பிறைக்குள்ள போங்க. உங்க கம்பெனி கேட் கிட்ட காடிய நிறுத்துங்க,” என்றாள்.

நிறுத்தினேன். அங்கே கிளிஃபர்ட் மச்சானின் வேன் நின்றது. பக்கத்தில் மச்சான். இடுப்பில் என் கைலி!

“நல்லா தூங்கினேன் மச்சான். கட்டில்னா அதுதான் கட்டில்!”

“சாவி என்கிட்டல்ல இருக்கு?”

“மூணாவது சாவி பக்கத்து வீட்டு ஃபஸீலா அக்காகிட்ட இருக்கு,” என்றாள் அக்னஸ். “வருஷக்கணக்கா இருக்கு.”

மச்சான் வேனுக்குள்ளிருந்து நீளமாக எதையோ இழுத்தார். பெட்டி இல்லை. மெழுகுவத்தி. வெள்ளை மெழுகுவத்தி. அதன் பக்கத்தில் என்னை நிமிர்த்தி வைத்துப் பார்த்தார்கள். அணு பிசகவில்லை.

“என்னது இது?”

“வேண்டுதல்ங்க. நான் கேக்காம, நீங்களா என்னை ஹாலிடே கூட்டிட்டுப் போயிட்டா, உங்க உயரத்துக்கு மெழுகுவத்தி ஏந்தி, பிறையிலேருந்து அன்னம்மா கோயிலுக்கு நடந்தே வர்றதா வேண்டிக்கிட்டேன். முன்னாடியே சொன்னா பலிக்காது.”

“வேண்டுனது நீதானே? நீ நட!”

“வேண்டுனது நான். நடக்குறது நீங்க. அப்படித்தான் வேண்டுனேன்.”

மூன்று மணி வெயில். அன்னம்மாளிடம் தகராறு செய்ய எனக்குத் தைரியமில்லை. புதுச் சப்பாத்தில் கால் வைத்தேன். ஷிப்ட் முடிந்து வந்த நல்லமுத்து அண்ணன் கேட்டில் நின்று போனில் படம் பிடித்தார். அக்னஸ் காடியில் குளிர்ச்சியாக உட்கார்ந்துகொண்டு, என் பக்கத்திலேயே மெதுவாக ஓட்டி வந்தாள்.

இரண்டு கிலோமீட்டர் போனபிறகுதான் அந்தச் சந்தேகம் வந்தது. நின்றேன். அவள் கண்ணாடியை இறக்கினாள்.

“சப்பாத்து இதுக்கு, புரியுது. அந்த முட்டிப் பட்டை எதுக்குடி?”

“அதுவா? நீங்க கூட்டிட்டுப் போகலைன்னா, முட்டி போட்டே வர்றதா வேண்டியிருந்தேன்.”