ராஜாவைத் தொட்ட பாவம்

சதுரங்கத்தில் தோற்ற எவனும் தன் முட்டாள்தனத்தால் தோற்றேன் என்று சொன்னதில்லை. நானும் சொல்லப்போவதில்லை. என்னை அநியாயமாகத் தோற்கடித்தார்கள்.

அறுபதுகளின் கடைசி. சின்ன காஞ்சிபுரத்தில், ஒரு பள்ளிக்கூட ஹாலில் போட்டி. இறுதி ஆட்டத்தில் ஜெயிப்பவன் மெட்ராஸ் போய் மாநிலப் போட்டியில் ஆடலாம். நான் அதற்குள் ஆபீசில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். தெருவில் ஒருவரையும் பாக்கி வைக்காமல் சொல்லியும்விட்டேன். (கல்யாணமாகி மூன்று மாதம். மனைவி சரோஜா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். என் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்.)

ஆறு மாதமாக சிசிலியன் டிஃபன்ஸ் என்ற தொடக்க ஆட்டத்தை மனப்பாடம் செய்திருந்தேன். அது கறுப்புக்காய் ஆடுபவனுக்கு உரியது. குலுக்கலில் எனக்கு வந்ததோ வெள்ளை! எதிரே, வாலாஜாபாத் அரிசி மில்லில் வேலை பார்த்த கஜேந்திரன். நான் முதல் சிப்பாயை நகர்த்தியதும், அவன் கொட்டாவி விட்டபடியே சிசிலியனை ஆடினான். என் சிசிலியனை! எனக்கு வயிறு எரிந்தது.

முப்பது நகர்த்தலுக்குப் பிறகு அவன் ராணி, செக் வைக்காமலே, அடுத்த நகர்த்தலில் என் ராஜாவை முடிக்கக் குறி வைத்தது. சிப்பாய் ஒன்றை ஒரு கட்டம் தள்ளியிருந்தால் பிழைத்திருப்பேன். ஆனால் எங்கள் தெரு ஆட்டத்தில், செக் வாங்காத ராஜா ஒரே ஒரு தடவை குதிரை மாதிரித் தாவலாம். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் ஆடினோம். கை பழகிய வழியில் போய்விட்டது. ராஜாவைத் தூக்கித் தாண்டி வைத்துவிட்டு, சரோஜாவைப் பார்த்துச் சிரிக்க வேறு செய்தேன்.

"இன்னாபா, ராஜாவ எங்க தூக்கிக்கினு போற?" என்றான் கஜேந்திரன்.

"ஒரு தபா தாவலாம்பா. ஊருக்கே தெரியும்."

நடுவராக இருந்த டிரில் மாஸ்டர் வந்தார். "அதெல்லாம் உங்க தெருவுல. இங்க உலக ரூலு. ராஜாவப் பழைய எடத்துல வை. தொட்டுட்ட இல்ல, இப்ப அதத்தான் நகத்தணும்."

"அநியாயம் சார்!"

"நகத்துப்பா."

ராஜாவுக்கு மிச்சமிருந்தது ஒரே கட்டம், மூலை. போனேன். அடுத்த நகர்த்தலில் கஜேந்திரன் ராணியை வைத்துக் கதையை முடித்தான். ஊரே தாவவிடுகிற ராஜாவைத் தடுத்த அந்த டிரில் மாஸ்டரை நான் இன்றும் மன்னிக்கவில்லை. லீவு மட்டும் கிடைத்துவிட்டது. நான்கு நாள் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். (தெருவில் தலைகாட்ட முடியுமா?)

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் எதைத் தொட்டாலும் இதே வழக்கு. துடைப்பத்தைத் தொட்டால் பெருக்கியாக வேண்டும். போன மாதம் பேத்தி கல்யாணத்துக்குப் பட்டெடுக்கப் போனோம். விலை பார்க்கத்தான் ஓர் அரக்கு நிறப் புடவையின் முந்தானையைத் தூக்கினேன். நான் வாயைத் திறப்பதற்குள் சரோஜா கடைக்காரரிடம் சொல்லிவிட்டாள்:

"இதுக்கு பில்லு போடுப்பா. அவரு தொட்டுட்டாரு."