பானெட்டுக்குள் பிடித்த பேய்

மும்பை ஆண்டாப் ஹில்லில் சனிக்கிழமை வந்தால் பஸ்ஸுக்கே வழி கிடையாது. அன்றுதான் இன்ஜின் சித்தர் வண்டிகளுக்குப் பேய் ஓட்டுவார். மனிதர்களைப் பிடித்துச் சலித்துப்போன பேய்கள், மோட்டார் தொழிலுக்கு மாறிவிட்டன போலும்!

பழைய கார்கள், வேன்கள் என்று ஒரே வரிசை. தாராவி ஜோசப்ராஜும் தமது அறுபது வயதுக் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்திருந்தார். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்குப் போகும் வண்டி அது. அது ஓடினால்தான் வீட்டில் உலை கொதிக்கும். டாஷ்போர்டில் சிலுவை, 786, பிள்ளையார், பம்பரில் எலுமிச்சை மிளகாய். இத்தனை காவல் இருந்தும் இரண்டு மாதத்தில் மூன்றாவது தடவையாக நடுரோட்டில் இருமி நின்றுவிட்டது.

சித்தரின் வைத்தியம் எளிது. திறந்த பானெட்டின் மேல் கறுப்புப் போர்வை விரிப்பார். பேய்க்குக் கூச்சம் அதிகமாம். உள்ளே தலையை விட்டு மந்திரம் முணுமுணுப்பார். ஐந்தே நிமிடம். சுண்டுவிரல் அளவு தகரக் குப்பி ஒன்றை வயர் வாலோடு தூக்கிக் காட்டுவார். அதுதான் பேய்! கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். வண்டியும் கிளம்பிவிடும். காணிக்கை ஐயாயிரம். இருபதே நாளில் பேய் திரும்பி வரும்.

"மூணாந்தடவையும் வந்துட்டுல்லா? கடைசியா ஓட்டித் தாரேன். பொறவு வண்டிய நம்ம மடத்துக்கு எழுதிக் குடுத்திரும்வே. இல்லேன்னா வீட்டு ஆளுக மேல ஏறிரும்" என்றார் சித்தர்.

பத்திரம் தயாராக இருந்தது. ஜோசப்ராஜ் அதை வாங்கிக்கொண்டார். பக்கத்தில் நின்ற ஷமீமாவைப் பார்த்தார். தாராவியில் வண்டி வயரிங் பட்டறை நடத்துகிறவள். கயிறு கட்டுமுன் பானெட்டைத் திறந்து ஏதோ நோண்டியவள், என்னவென்று சொல்லவில்லை.

போர்வை விரிந்தது. மந்திரம் ஒலித்தது. பேய் வெளியே வந்தது. வண்டி உறுமிக் கிளம்பியது. ஜோசப்ராஜ் பேனாவைத் திறந்தார்.

"பொறுங்க அண்ணாச்சி" என்றாள் ஷமீமா. "சித்தரே, அந்தப் பேய் இந்த வண்டிக்குள்ள இருந்துதான் வந்துச்சா?"

"பின்னே, வானத்துலேருந்தா வந்துச்சு?"

ஷமீமா உள்ளங்கையை விரித்தாள். அதே மாதிரிக் குப்பி, அதே மாதிரி வயர்.

"இந்த வண்டி கண்டென்சர காலையிலயே நான் கழத்திட்டேன். உள்ள இல்லாதத எப்படிப் பிடிச்சீய?"

"ரெண்டு பேய் இருந்திருக்கும்!" என்று கத்தினார் ஒரு பக்தர். பக்தி அவ்வளவு சீக்கிரம் இறங்குமா?

ஷமீமா போர்வையை உருவி, சித்தர் மந்திரத்தோடு மாட்டியிருந்த வேறொரு குப்பியின் வயரைப் பிடுங்கினாள். வண்டி செருமிச் செருமி நின்றது. மறுபடி மாட்டினாள். ஓடியது.

"இன்ஜின்ல பாயிண்ட்டுன்னு ஒரு சுவிட்ச்சு உண்டு. அது தொறக்கையில அங்க வீணாப் பொறி பறக்கும். அந்தக் கரண்ட்டை இது வாங்கிக்கிடும். அப்பத்தான் பிளக்குல நல்ல பொறி விழும். புதுசு நூத்தம்பது ரூவா. இவரு போடுறது காயலான் கடைச் சரக்கு. அதான் இருபது நாள்ல பேய் திரும்பி வருது!"

நான்கு பேர் சித்தரின் ஜிப்பாப் பையைக் கவிழ்த்தார்கள். ஒரு டஜன் பேய் உருண்டது.

"அரே பாய், சம்ஜோ நா..." புரிந்துகொள்ளுங்கள் என்று கெஞ்சிய சித்தருக்குத் திடீரென்று இந்தி வந்துவிட்டது. காணிக்கையைக் கேட்டுக் கூட்டம் அவரைச் சூழ்ந்தது.

ஜோசப்ராஜ் பத்திரத்தைக் கிழித்தார். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷம் தாங்கவும் முடியவில்லை.

அதற்குள் அந்த 'ரெண்டு பேய்' பக்தர் ஷமீமாவின் முன் கைகூப்பி நின்றார். "தாயே, வாராவாரம் நீங்க வந்து பேய் ஓட்டணும்!"

கும்பிடத் தூக்கும் கையால் பானெட்டையும் தூக்கலாம், ஐயா. எதை முதலில் தூக்குவது என்றாவது கொஞ்சம் யோசியுங்கள்!