அன்ட்வேர்ப்பின் சார்பில் சின்னராசா

"போன கிழமை முழு ஐரோப்பாவையும் நான்தான் திருத்தி விட்டனான். இருபத்தேழு நாடும் கையைத் தூக்கி ஓம் எண்டது," என்றார் சின்னராசா.

வெள்ளவத்தைத் தேநீர்க் கடையில் எழுந்த சிரிப்பில், கடற்கரையோரம் போன ரயிலின் சத்தமே அமுங்கிப் போயிற்று. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்திருந்த கிளெமென்ற் மட்டும் சிரிக்கவில்லை. இருவரும் ஒரே கப்பல் கொம்பனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள்.

"ஐசே, சும்மா புளுகாதேயும். உம்மட ஃபிளாட்டிலயே உம்மட சொல்லை ஒருத்தரும் கேக்கிறேல்லை."

சின்னராசா கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். அவர் பொழுது போகாமல் கதைக்கவில்லை. மகன் லவனின் வேலை ஆபத்தில் இருந்தது.

லவன் அன்ட்வேர்ப்பில் இருக்கும் பெல்ஜியப் பிரஜை. பிரசல்ஸில் சட்டம் போடுகிறவர்களுக்கும் சாதாரண சனத்துக்கும் நடுவே உள்ள தூரத்தை எப்படிக் குறைப்பது என்று யோசிக்க, ஐரோப்பா முழுவதும் சீட்டுக் குலுக்கி ஆள் எடுத்தார்கள். ஒரு சீட்டு லவனுக்கு விழுந்தது. கூட்டம் கணினியில்தான். வேலைத்தலத்தில் விசேஷ லீவும் கிடைத்தது. கூட்டத்தில் இருந்ததற்கு அத்தாட்சி காட்டாவிட்டால் வேலை போகும் என்றும் சொல்லிவிட்டார்கள். அதே நாளில்தானா பாரிஸில் ஒன்றுவிட்ட அக்காவின் வயதுக்கு வந்த மகளுக்குச் சாமத்தியச் சடங்கு வரவேண்டும்? தாய்மாமன் முறை அவன்தான்.

"அப்பா, என்ர பேரில நீங்கள் போய் இருங்கோ. கமராவைப் போடாதேங்கோ. ஏதும் கேட்டா 'ஐ அக்ரீ' எண்டு சொல்லுங்கோ."

"நான் எப்பவடா ஆரோடயும் ஒத்துப் போனனான்?"

"ஒரு நாளைக்குப் பழகுங்கோ அப்பா."

கூட்டத்தை நடத்திய வெள்ளைக்காரப் பெண்மணி, முகம் பார்க்காமல் எப்படி நெருங்குவது, எல்லோரும் கமராவைப் போடுங்கள் என்றார். பாதிப் பேர் கமரா பழுது என்று எழுதிவிட்டார்கள். அதையே தானும் எழுதப் போன சின்னராசாவின் விரல் எங்கோ பட்டு, நரைத்த தலையும் திருநீறுமாக அவர் ஐரோப்பாவின் நடுவே தோன்றினார்.

"மிஸ்டர் லவன், உங்களுக்கு முப்பத்துநாலு வயது என்று இருக்கிறதே?"

"ஐ அக்ரீ."

"ஆனால் பார்க்க..."

"நைட் ஷிப்ட்," என்றார் சின்னராசா.

பெண்மணியின் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்டவர்களின் குரல்தான் மேலே கேட்பதில்லை என்று சொல்லி, மிச்ச நேரம் முழுவதையும் அவரிடமே கொடுத்துவிட்டார்.

பிரசல்ஸைப் பற்றிச் சின்னராசாவுக்கு ஒரு மண்ணும் தெரியாது. தெரிந்ததெல்லாம் தன் ஃபிளாட்டின் நிர்வாகக் கமிட்டிதான். அதையே எடுத்து விட்டார்.

"எங்களை ஆளுகிறவர் ஒன்பதாம் மாடியில் இருக்கிறார். லிஃப்ட் அவருக்கு மட்டும்தான் நிற்கும். முறைப்பாட்டுப் பெட்டி பூட்டி இருக்கிறது, அதன் திறப்பைக் காணவில்லை. கூட்டத்துக்கு எங்களையும் கூப்பிடுவார்கள், முடிவெடுத்த பிறகு."

கிரேக்கத்தில் ஒருவர் விம்மினார். போலந்து கைதட்டியது. ஒன்பதாம் மாடி என்பது என்ன அருமையான உவமை என்று பெண்மணி வியந்து, அதற்கு வழி என்ன என்று கேட்டார்.

"மாதத்தில் ஒரு கிழமை அவரைக் கீழே கொண்டுவந்து, தண்ணீர் வராத வீட்டில் குடி வையுங்கள்."

டென்மார்க் முதலில் கையைத் தூக்கியது. பிறகு எழுந்த கைகளின் வேகத்தில் மேசையே ஆடியது என்று சின்னராசா சத்தியம் செய்வார்.

அத்தாட்சி வந்தது. அத்தோடு இன்னொன்றும் வந்தது. அடுத்த மாதம் பெரிய தலைகளுக்கு முன்னால் இந்த யோசனையை விளக்க, மிஸ்டர் லவன் பிரசல்ஸுக்கு நேரில் வரவேண்டுமாம்.

"அப்பா, உங்கட முகத்தை எல்லாரும் பாத்திட்டினம். நான் என்னெண்டு போறது?"

"தலைக்கு வெள்ளை அடிச்சுக்கொண்டு போவன்."

லவன் போனை வைத்துவிட்டான்.

"அண்டையில இருந்து எனக்கு நித்திரை இல்லை, ஐசே," என்றார் சின்னராசா. "முடிவெடுத்திட்டன். அந்த மனுசிக்கு இப்பவே போன் போடப் போறன். பெடியனில பிழையில்லை, ஆள் மாறி இருந்தது நான்தான் எண்டு சொல்லுவன். என்னை மட்டும் ஏன் பிடிக்கவேணும்? கமரா பழுது எண்டவையின்ர முகத்தையும் ஒருக்காப் பாக்கச் சொல்லுவன்."

"போடுங்க சேர், நாங்களும் கேப்பமே," என்றார் கடைக்கார ஸாலிஹ், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஐரோப்பாட சத்தத்த நான் கேட்டதே இல்ல."

சின்னராசா இலக்கத்தை அழுத்தத் தொடங்கினார். கிளெமென்ற் எழுந்த வேகத்தில் கதிரை பின்னால் சாய்ந்து விழுந்தது. போனைப் பறித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கடையை ஒரு தரம் சுற்றிப் பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமினார்.

"நடந்தது, ஐசே, எல்லாம் நடந்தது," என்றார். "மகளின்ர பேரில இருந்து, முதல் கை தூக்கின டென்மார்க் நான்தான்."