நான்கு பூட்டு போட்ட ட்ரெய்லரும் காணாமல் போன பைக்கும்

மிசோலா, மொன்டானா
ஜூன் 16, திங்கட்கிழமை

மதிப்புக்குரிய மச்சான் டெல்பர்ட் அவர்களுக்கு,

உங்கள் தங்கை கணவன் ஹார்லன் ஸ்வோபோடா வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. உங்கள் முட்டிவலி, லூயெல்லா அக்காவின் ரத்த அழுத்தம், தோட்டத்துத் தக்காளி எல்லாம் ஒரு நிலையில் இருக்கும் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. மேக்ஸீன் சுகம். எங்கள் மகள் ஜோலீன் கல்யாணம் சனிக்கிழமை நல்லபடியாக முடிந்தது. முட்டியைக் காரணம் காட்டி நீங்கள் வராமல் போனதும் நல்லதுதான். வந்திருந்தால் தேவாலய வாசலில் வைத்தே உங்களை நாலு கேள்வி கேட்டிருப்பேன். இப்போது கடிதத்தில் கேட்கிறேன், உட்கார்ந்து படியுங்கள்.

நாங்கள் நெப்ராஸ்காவிலிருந்து கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு, ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தீர்களே, நினைவிருக்கிறதா? "ஹார்லன், பைக்குக்குப் பின்னாடி ட்ரெய்லர் இழுத்துக்கிட்டுப் போறவன் எல்லாம் திருடனுக்கு வெத்தல பாக்கு வச்சு அழைக்கிறவன்" என்றீர்கள். கொக்கிக்கு ஒரு பூட்டு, சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் மஞ்சள் இரும்பு ஒன்று, மூடிக்கு ஒரு பூட்டு, ஒரு கன்றுக்குட்டி கனத்தில் ஒரு சங்கிலியும் அதற்கொரு பூட்டும், போதாக்குறைக்கு ட்ரெய்லருக்குள் வைக்க ஒரு அலாரம். நான் வேண்டாம் என்றேன். முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவன் நான், ஒரு கீறல் விழுந்ததில்லை, ஒரு பிள்ளையின் டிபன் டப்பா தொலைந்ததில்லை என்றேன். உங்கள் தங்கை கேட்டாளா? அந்த ட்ரெய்லரில் இருந்தது ஜோலீனின் கல்யாண கவுன். மேக்ஸீன் எட்டு மாதம் உட்கார்ந்து தைத்தது. "அண்ணன் சொல்றதுல என்ன தப்பு? எல்லாத்தையும் மாட்டுங்க" என்றாள். மாட்டினேன்.

முதல் நாள் கதையைக் கேளுங்கள். வயோமிங் எல்லை தாண்டி ஒரு மோட்டலில் தங்கினோம். காலையில் மூட்டை முடிச்சைக் கட்டி, மேக்ஸீனைப் பின்னால் ஏற்றி, கெத்தாக வண்டியைக் கிளப்பினேன். உங்கள் மஞ்சள் இரும்பு சக்கரத்தைக் கவ்விக்கொண்டிருந்ததை நான் மறந்துவிட்டேன். ஒரு சத்தம். மட்கார்ட் இரண்டாகப் பிளந்து ஒரு பாதி நீச்சல் குளத்தில் போய் விழுந்தது. குளத்தருகே காபி குடித்துக்கொண்டிருந்த ஒருவர், "ஐயா, பின்னாடி என்னமோ மஞ்சளா மாட்டியிருக்கே, அது திருட்டுப் போகாம இருக்கவா?" என்றார். ஆமாம் என்றேன். "நல்லா வேலை செய்யுது" என்றார். இது உங்களால் எனக்குக் கிடைத்த முதல் அவமானம்.

பிறகு அலாரம். பெட்ரோல் போட நிறுத்தினால் கத்தும். பக்கத்தில் லாரி போனால் கத்தும். மேக்ஸீன் தும்மினால் கூடக் கத்தியது. அதை நிறுத்தும் சின்னப் பொத்தானையும், பூட்டுகளின் சாவிகளையும் வண்டிச் சாவியோடு ஒரே வளையத்தில் கோத்துக்கொள்ளச் சொன்னது யார்? "எல்லாம் ஒரே இடத்துல இருந்தா எதுவும் தொலையாது" என்றது யார்? நான் இல்லை.

வியாழக்கிழமை மதியம். ஊர் பெயரை எழுத மாட்டேன், அந்த ஊர் என்ன பாவம் செய்தது. நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு சாப்பாட்டுக் கடை. மேக்ஸீன் உள்ளே போய் இடம் பிடித்தாள். நான் உங்கள் உபதேசப்படி நடந்தேன். "தெரியாத ஊர்ல சாப்பிட நிறுத்துனா ட்ரெய்லரைக் கழட்டிக் கம்பத்துல கட்டிரு. சேர்ந்து இருந்தாத்தான் ரெண்டும் சேர்ந்து போகும்" என்றீர்களே, அதன்படி ட்ரெய்லரைக் கழற்றினேன். கடையின் விளம்பரக் கம்பத்தில் சங்கிலியை மூன்று சுற்று சுற்றிப் பூட்டினேன். கொக்கியைப் பூட்டினேன். அறுபத்தேழு வயதில் மண்ணில் மல்லாந்து படுத்து, ட்ரெய்லருக்கு அடியில் தலையை விட்டு, சக்கரத்தில் அந்த மஞ்சள் சனியனை மாட்டிக்கொண்டிருந்தேன். சாவி வண்டியில் இருந்தது. ஏன் இருந்தது என்பது இங்கே முக்கியமில்லை. என் பைக் நகரும் சத்தம் கேட்டது. அடியிலிருந்து பார்த்தால் இரண்டு சக்கரம் போவது மட்டும் தெரிகிறது. எழுந்திருக்கப் பார்த்தேன், நெற்றி இடித்தது, அலாரம் கத்த ஆரம்பித்தது. வெளியே தவழ்ந்து வருவதற்குள் வண்டி மேட்டைத் தாண்டிவிட்டது. ரிட்டயர் ஆன அன்று வாங்கிய வண்டி, மச்சான். ஞாயிற்றுக்கிழமை தோறும் என் கையால் துடைத்த வண்டி.

சத்தம் கேட்டு மேக்ஸீன் கையில் முள்கரண்டியோடு ஓடி வந்தாள்.

"ஏங்க, ஏன் கத்துது? நிறுத்துங்க."

"பொத்தான் சாவிக்கொத்துல இருக்கு."

"சாவிக்கொத்து எங்க?"

"வண்டியில."

"வண்டி எங்க?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள், மேட்டைப் பார்த்தாள், பிறகு நான்கு பூட்டு போட்ட ட்ரெய்லரைப் பார்த்தாள். "அப்ப கவுன்?" என்றாள். அந்தக் குரலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். கல்யாணத்துக்கு இரண்டு நாள், ஐந்நூறு மைல். கவுன் கண்ணெதிரே இருக்கிறது, எடுக்க முடியாது.

போலீஸ்காரர் ஒருவர் வந்தார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எழுதி முடித்து, "வண்டி போச்சு, ட்ரெய்லர் இருக்கு. இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி நான் பார்த்ததில்லை. இந்தப் பூட்டெல்லாம் யார் கொடுத்தா?" என்றார். என் மச்சான் என்றேன். "உங்க மேல அவருக்கு ஏதும் கோபமா?" என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அலாரம் முக்கால் மணி நேரம் கத்தியது. எதிரே இருந்த வெல்டிங் பட்டறையிலிருந்து ஒரு அம்மாள் காதைப் பொத்திக்கொண்டு வந்தாள். பெயர் ட்வைலா, ஐம்பது வயதிருக்கும், ஆள் கதவு அகலம். "யாருது இந்தப் பிசாசு? நீங்க நிறுத்துறீங்களா, நான் நிறுத்தவா?" என்றாள். கதையைச் சொன்னோம். உடனே கட்டிங் மிஷினைக் கொண்டு வந்து சங்கிலியில் வைத்தாள். மூன்று பிளேடு தேய்ந்தது. சங்கிலியில் நகம் பட்ட மாதிரி ஒரு கோடு, அவ்வளவுதான். மூடியில் போட்ட பூட்டை அறுக்கப் போனாள். தீப்பொறி பறந்ததைப் பார்த்து மேக்ஸீன் குறுக்கே விழுந்து மறித்தாள், உள்ளே இருப்பது சாட்டின் துணி. ட்வைலா மிஷினைக் கீழே வைத்தாள். ட்ரெய்லரை ஒரு சுற்று சுற்றி வந்தாள். பின்பக்கம் குனிந்து பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"மூடியோட கீலு வெளிய இருக்கு" என்றாள். "ஆறு ஸ்க்ரூ."

ஆறு ஸ்க்ரூ, மச்சான். முன்பக்கம் நீங்கள் கோட்டை கட்டியிருக்கிறீர்கள், பின்பக்கம் ஆறு சாதாரண ஸ்க்ரூ. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மூன்று நிமிஷத்தில் மூடியைப் பின்பக்கமாகத் தூக்கிவிட்டாள். அலாரத்தை எடுத்து அதன் பேட்டரியைப் பிடுங்கினாள். சாப்பாட்டுக் கடையில் இருந்தவர்கள் எல்லாரும் வாசலில் நின்று கை தட்டினார்கள். கவுன் ஒரு சுருக்கம் இல்லாமல் இருந்தது. மேக்ஸீன் அதைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கினாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ட்வைலாவே மூடியைத் திரும்ப மாட்டிவிட்டு, "நாளைக்குப் பட்டறைய மூடிட்டு நானே என் வண்டியில கொண்டுபோய் விடுறேன்" என்றாள். வேண்டாம் தாயே என்றேன். "என் பொண்ணு கல்யாணத்துக்கு நான் லேட்டாப் போனேன். இன்னைக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுறா. அந்தக் கொடுமை உங்களுக்கு வேணாம்" என்றாள். முன்பின் தெரியாதவள். சொந்த மச்சான் முட்டியைப் பிடித்துக்கொண்டு வீட்டில் இருக்கிறார்.

ட்ரெய்லரைக் கம்பத்திலேயே விட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை முழுவதும் அவளுடைய பிக்கப் வண்டியில் நெருக்கியடித்து உட்கார்ந்து வந்தோம். மேக்ஸீன் கவுனை மடியில் வைத்துக்கொண்டு பில்லிங்ஸ் வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அங்கே வந்ததும், "ஜோலீன் போன்ல கார்ல வாங்கன்னு கெஞ்சுனா, இல்ல?" என்றாள். ஆமாம் என்றேன். "நீங்க என்ன சொன்னீங்க?" பைக்கில்தான் வருவேன் என்று சொன்னேன் என்றேன். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அந்த வண்டியில் போய் இறங்க வேண்டும் என்று எனக்கு ஆசை, அதை இப்போது உங்களிடம் சொல்கிறேன், அவளிடம் சொல்லவில்லை. அவள் என் நெற்றியில் இருந்த புடைப்பைத் தொட்டுப் பார்த்து, "வலிக்குதா?" என்று கேட்டாள். அழுகை வந்துவிட்டது. ட்வைலா ரேடியோவைச் சத்தமாக வைத்தாள்.

சனிக்கிழமை ஜோலீன் அந்தக் கவுனில் வந்து நின்றாள். அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். பூங்கொத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். "முப்பத்தொரு வருஷம் அந்த பஸ்ஸை எவனும் தூக்கிட்டுப் போகாம விட்டானுங்களேப்பா" என்றாள். அவளைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு நடந்தேன். ட்வைலா முன்வரிசையில், உங்களுக்கென்று போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அங்கே உட்கார அவளுக்குத்தான் தகுதி.

ஆகவே மச்சான், இனிமேல் என் வீட்டுப் பக்கம் அட்டைப்பெட்டியோடு வராதீர்கள். பூட்டைப் பற்றி, சாவியைப் பற்றி, திருடனைப் பற்றி என்னிடம் வாயைத் திறக்காதீர்கள். என் வண்டி போனதற்கு நீங்கள்தான் முழுமுதற் காரணம் என்பதை எந்தக் கோர்ட்டிலும் வந்து சொல்வேன்.

லூயெல்லா அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் முட்டி குணமாகட்டும், ஆனால் மெதுவாகக் குணமாகட்டும்.

இப்படிக்கு,
மனம் கொதித்துப்போன,
ஹார்லன் ஸ்வோபோடா

பின்குறிப்பு: மேக்ஸீன் இதைப் படித்துவிட்டாள். கீழே உள்ளதை எழுதாவிட்டால் தபால்தலை தர மாட்டாளாம். நான் ட்ரெய்லருக்கு அடியில் போவதற்கு முன்னால் அங்கே ஒருவன் வந்தான். நல்ல சட்டை, மரியாதையான பேச்சு. இப்படி ஒரு வண்டியைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றான். கால் மணி நேரம் பேசினோம். உட்கார்ந்து பார்க்கச் சொன்னது நான்தான். இன்ஜினை ஓட விட்டு, இந்தப் பெரிய பைக்குக்கு இருக்கிற ரிவர்ஸை எப்படிப் போடுவது என்று காட்டிக்கொடுத்ததும் நான்தான். அவனை அதில் உட்கார வைத்துவிட்டுத்தான் அடியில் போனேன். நன்றாகக் கற்றுக்கொண்டான், அழகாக ரிவர்ஸ் எடுத்துத்தான் போனான். இன்று காலை போலீஸ்காரர் போன் செய்தார். நாற்பது மைல் தள்ளிப் பெட்ரோல் தீர்ந்து வண்டி ரோட்டோரம் நிற்கிறதாம், ஒரு கீறல் இல்லையாம், சாவிக்கொத்தும் இருக்கிறதாம். ட்ரெய்லரும் கம்பத்தில் அப்படியே பத்திரமாக இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் அதை இழுத்துப் பார்த்துவிட்டு, முடியாமல் திட்டிக்கொண்டே போனார்களாம். மேலே எழுதியதில் கோபமான பகுதியை மட்டும் படிக்காததாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சங்கிலியில் இன்னொன்று கிடைக்குமா, மச்சான்? பைக்குக்கு வேண்டும்.