மல்கிரேவில் எதிர்ப்பக்கம் இருந்தவர்

எண்ணத் தெரிந்தால் போதும், வேலை தருவம் என்றார்கள். பார்க்கவும் தெரிய வேணும் என்று ஒருத்தரும் சொல்லேல்லை.

நான் எட்டாம் வகுப்போட படிப்பை விட்டவன். மெல்பேணில வேலை செய்த தொழிற்சாலையை மூடிப்போட்டாங்கள். மூன்று மாதம் சும்மா இருந்தன். பிறகு கவிதா கூப்பிட்டா. மலேசியத் தமிழ்ப் பிள்ளை, போக்குவரத்து எஞ்சினியர். மல்கிரேவில ஒரு றோட்டில ஆக்கள் கடக்க சிக்னல் வேணுமோ என்று ரிப்போர்ட் எழுத வேணும். அவ தனிய எழுதுற முதல் ரிப்போர்ட்.

"நடந்து போறவங்கள ரெண்டு பக்கமும் எண்ணுங்க அங்கிள். சரியா வந்தா வேலை உங்களுக்குத்தான்."

குளிர்கால விடியல். ஒரே புகார், பனி மூடிக் கிடந்தது. மடக்குக் கதிரையில மஞ்சள் சட்டையோட இருந்தன். அமத்தினால் எண்ணுற கருவி கைக்கு ஒன்று.

வெளிச்சம் வர, எதிர்ப்பக்கம் ஒரு ஆள் தெரிஞ்சார். அவரும் மஞ்சள் சட்டை, அவரும் கதிரை. (என்னை வேவு பார்க்க விட்டிருக்கினம் என்று நினைச்சன்.) கை காட்டினன். அவரும் காட்டினார். நல்ல மனுசன். முகம்தான் தெரியேல்லை.

அந்தப் பக்கத்து ஆக்கள் சரியில்லை. நடக்கினம், சப்பாத்துச் சத்தம் இல்லை. அங்க ஒரு நாய் வாயைத் திறந்தது. குரைச்ச சத்தம் என்ர காலடியில கேட்டது. பேயோ என்று நினைச்சன். வேலை வேலைதான். அமத்தினன். எட்டு மணிக்குப் பாண் சாப்பிட்டன். அவரும் சாப்பிட்டார்.

ஒன்பதுக்குக் கவிதா வந்து கருவிகளைப் பார்த்தா.

"இங்க இருநூத்திப் பன்னிரண்டு. அங்கேயும் அதேவா?"

"ஓம்."

"அங்கிள், அந்தப் பக்கம் நடைபாதையே இல்ல. றோட்டு பிளான் படத்தில இருக்கு, இன்னும் போடல போல."

"அப்ப அங்க இருக்கிறவர் பேயோ?"

"எவர்?"

கையை நீட்டினன். அவரும் என்னை நோக்கிக் கையை நீட்டினார். பக்கத்தில ஒரு பொம்பிளை. கவிதாவின்ர சிவப்புக் கோட்டு.

கவிதா றோட்டைக் கடந்து ஓடிப்போய்த் தட்டினா. டக், டக். ஆளில்லாத கட்டடம். நிலத்தில இருந்து கூரை வரை கறுப்புக் கண்ணாடி.

திரும்பி வந்து என்ர கதிரையில இருந்து சிரிச்சா. "இப்படியே அனுப்பியிருந்தா என் பேரு போயிருக்கும்!"

"நாளைக்கு வர வேண்டாமோ பிள்ளை?"

"வாங்க. ஒருத்தரக்கூட விடாம ரெண்டு தரம் எண்ணியிருக்கீங்களே. பேய்னு நினைச்சும் எழும்பல. வேற யாரு எண்ணுவா?"

வீட்டில மனுசி இண்டைக்கும் ரெண்டு கோப்பை தேத்தண்ணி வைப்பா. "மற்றவருக்கும்" என்பா. நான் ரெண்டையும் குடிப்பன்.

போன குளிருக்கு அந்தக் கட்டடத்தை இடிச்சுப்போட்டாங்கள். அந்தப் பக்கத்தால போகேக்க வெறும் வளவைப் பார்ப்பன். அவருக்கும் வேற இடத்தில வேலை கிடைச்சிருக்க வேணும்.